முதல் பாயெய்யா: நடுவில் கருகுது, ஓரத்தில் வேகலை. எங்கே தப்பு?

நெல்மணி | ஞாயிறு, மாலை 5:10

எல்லாருக்கும் வணக்கம். ஆராய்ச்சிப் படிப்புக்காக ஸ்பெயின்ல இருக்கிற வலென்சியா வந்து எட்டு மாசம் ஆச்சு. இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பாயெய்யா வாசனை வரும், அதாவது அகலமான பாத்திரத்தில் கறியும் காயும் போட்டுச் செய்யற இந்த ஊர்ச் சோறு. கோழியும் குங்குமப்பூவும் ரோஸ்மேரியும் சேர்ந்த வாசனை. ஊருக்குத் திரும்புறதுக்குள்ள இந்த ஒண்ணையாவது சரியாச் செய்யக் கத்துக்கணும்னு ஆசை.

நேத்து சந்தையில் 40 செ.மீ. பாத்திரம் வாங்கினேன். இன்னைக்கு நாலு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். செஞ்சதை வரிசையாச் சொல்றேன், தப்பைச் சொல்லுங்க.

பொம்பாங்கிற இந்த ஊர் அரிசி 400 கிராம். மூணு தண்ணி விட்டுக் கழுவி அரைமணி நேரம் ஊறவெச்சேன். கோழியை வதக்கி, பீன்ஸ், தக்காளி போட்டு, தண்ணி ஊத்தி, கொதி வந்ததும் அரிசியைப் போட்டேன். அடிப்பிடிச்சிடுமோன்னு பயந்து அப்பப்போ கிளறினேன். கடைசியில் பெரிய தட்டைப் போட்டு மூடி, பிரியாணிக்குத் தம் வைக்கிற மாதிரி பத்து நிமிஷம் வெச்சேன்.

திறந்து பார்த்தா நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கரி. ஓரத்தில் கடிச்சா நறுக்குனு அரிசி. ரெண்டுக்கும் இடையில் பொங்கல் பதம். வந்தவங்க நல்லாயிருக்குன்னுதான் சொன்னாங்க, ஆனா எனக்கு மனசே ஆறலை. மாடி வீட்டுப் பாட்டி படிக்கட்டில் பார்த்தப்போ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "அரிசியைத் தொடாதே." அவங்க ஸ்பானிஷ் பாதி எனக்குப் புரியலை, அது மட்டும் புரிஞ்சுது.

அடுப்படி | ஞாயிறு, மாலை 6:02

நெல்மணி, உன் கை மேல தப்பில்லம்மா, அடுப்பு மேலதான். வாடகை வீட்டு கேஸ் அடுப்புதானே? அதோட பெரிய பர்னரே ஒரு கை அகலம்தான் இருக்கும். அதுமேல 40 செ.மீ. பாத்திரம் வெச்சா தீ நடுவை மட்டும்தான் தொடும். தகடு மெல்லிசு, சூட்டை ஓரத்துக்குக் கொண்டு போகாது. நடுவில் கரி, ஓரத்தில் அரிசி, வேற எப்படி வரும்?

அந்த ஊர்க்காரங்க வெளியில் ஆரஞ்சு மரக்கட்டையில் செய்வாங்க. வீட்டில்னா வளையம் வளையமா தீ வர்ற அகலமான தனி கேஸ் பர்னர் வெச்சிருப்பாங்க. அது இல்லேன்னா 30 செ.மீ. பாத்திரம் வாங்கு, 200 கிராம் அரிசிக்கு மேல போடாதே, ரெண்டு பேருக்கு மட்டும் செய். பாத்திரத்தை ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கால் சுற்று திருப்பிக்கிட்டே இரு. நாலு பேருக்குப் பிறகு பார்த்துக்கலாம்.

மின் அடுப்பு இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா: இண்டக்‌ஷன்ல சாதாரண பாயெய்யா பாத்திரம் சரிப்படாது. அடி லேசா வளைஞ்சிருக்கும், சூட்டில் இன்னும் வளையும். அடி தட்டையா இருக்கிறதைக் கேட்டு வாங்கணும்.

தோப்புக்காரர் | ஞாயிறு, இரவு 9:35

அடுப்படி சொன்னது முழுக்கச் சரி. நான் அரிசியைப் பற்றிச் சொல்கிறேன். வலென்சியாவுக்குப் பக்கத்துச் சுவெகா ஊர்ப் பக்கம் 11 வருடமாக இருக்கிறேன், அல்புஃபெரா ஏரியைச் சுற்றியுள்ள நெல் வயல்கள் எங்களுக்குச் சைக்கிள் தூரம். மே மாதம் விதைப்பு, செப்டம்பரில் அறுப்பு. அரேபியர் காலத்தில் வேரூன்றிய பயிர். செப்டம்பரில் அந்த வரப்பில் நின்றால் அறுப்பு வாடை நம் ஊரை அப்படியே நினைவுக்குக் கொண்டுவரும். அதனால்தான் நம்மவர்கள் இங்கே வந்ததும் இந்த அரிசியை நம் அரிசி போலவே நடத்துகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பொம்பா குட்டை, உருண்டை அரிசி. அமைலோஸ் என்னும் மாவுச்சத்து அதிகம். தன் அளவுக்கு மூன்று மடங்கு சாறு குடிக்கும், ஒரு நிமிடம் கூடிப்போனாலும் சட்டென்று குழையாது. புதிதாகப் பழகுபவருக்கு அதனால்தான் பொம்பா என்கிறேன். பயிர் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு, ஆகவே விலை கூடுதல். இங்கே நிறைய வீடுகளில் செனியா என்னும் இன்னொரு அரிசிதான் புழங்குகிறது. ருசியை இன்னும் நன்றாக இழுக்கும், ஆனால் பதம் தவறினால் மன்னிக்காது. கை பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

கழுவ வேண்டாம், ஊற வைக்கவே வேண்டாம். அரிசி தாகத்தோடு பாத்திரத்துக்குள் போக வேண்டும். பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த அரிசிக்குச் சாறு குடிக்க இடம் ஏது?

கிளறினால் அரிசி மேலுள்ள மாவு கழன்று சாறு கெட்டியாகும். உங்கள் பொங்கல் பதம் அதுதான். இத்தாலியில் ரிசொட்டோ என்னும் சோற்றுக்கு அந்தக் கெட்டிதான் வேண்டும் என்று கிளறுகிறார்கள். இங்கே பருக்கை பருக்கையாக உதிர வேண்டும். சாறு கொதிக்கும்போது அரிசியைப் பரவலாகத் தூவி, கரண்டியால் ஒருமுறை சமன் செய்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

மூடவும் கூடாது. பாயெய்யா என்பது முதலில் பாத்திரத்தின் பெயர், இலத்தீனில் தட்டைக் குறிக்கும் 'பத்தெல்லா'விலிருந்து வந்தது. அதன் அகலமும் ஆழமின்மையும் நீர் வற்றுவதற்காகவே. மூடி போட்டால் ஆவி திரும்ப அரிசி மேலேயே சொட்டும். அடுப்பை அணைத்த பிறகு ஐந்து நிமிடம் துணி போட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

வல்லிபுரத்தான் | திங்கள், காலை 10:20

வணக்கம். நான் பாரிசில இருக்கிறன். போன கோடைக்குப் பிள்ளையளோட வலென்சியா வந்தனாங்கள். கடற்கரைக் கடையொண்டில இறால், மட்டி, கணவாய் எல்லாம் போட்டுத் தந்தவை, நல்ல உருசி. வீட்டில நான் செய்யேக்க வெங்காயமும் சொரிசோ எண்ட காரமான பன்றித் தொத்திறைச்சியும் போட்டுத்தான் செய்யிறனான், பிள்ளையளுக்கு நல்ல விருப்பம். இங்க வேலை செய்யிற ஸ்பெயின்காரர் ஒருத்தருக்குக் குடுத்தன். சாப்பிட்டிட்டு, "நல்ல சோறு, ஆனா இது பாயெய்யா இல்லை" எண்டு சொல்லிப் போட்டார். அண்ணை, ஏன் அப்பிடிச் சொல்லினம்? உண்மையா அறியத்தான் கேக்கிறன்.

தோப்புக்காரர் | திங்கள், மதியம் 1:15

நல்ல கேள்வி, தம்பி. வலென்சியா பாயெய்யாவுக்கென்று இங்கே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பத்துப் பொருள் இருக்கின்றன: அரிசி, கோழி, முயல், 'ஃபெர்ராவுரா' என்னும் அகலத் தட்டைப் பீன்ஸ், 'கர்ரொஃபோ' என்னும் பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய், உப்பு, தண்ணீர். ஊருக்கு ஊர் சேர்ப்பவை சில உண்டு: நத்தை, வாத்து, கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), ரோஸ்மேரி, பூண்டு, பிமென்டோன் மிளகாய்த்தூள். வெங்காயம் இல்லை. வெங்காயம் விடும் தண்ணீர் அரிசியை இளக்கிவிடும் என்பது இவர்கள் சொல்லும் காரணம். சொரிசோ அறவே இல்லை, அதன் கொழுப்பும் மிளகாயும் மற்ற எல்லா ருசியையும் அமுக்கிவிடும். 2016-ல் பிரித்தானிய சமையல்காரர் ஜேமி ஆலிவர் சொரிசோ போட்ட பாயெய்யாவை இணையத்தில் போட்டபோது ஸ்பெயினே கொதித்தது.

நீங்கள் கடற்கரையில் சாப்பிட்டது கடல் உணவுப் பாயெய்யா. அதுவும் இந்தக் கரையோரத்து உணவுதான், பெயரும் தனி, செய்முறையும் தனி. இறைச்சியையும் இறாலையும் ஒன்றாகப் போடுவதைத்தான் இங்குள்ள பெரியவர்கள் ஏற்பதில்லை. அப்படிப்பட்டதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அர்ரோஸ் கோன் கோஸாஸ்', ஏதேதோ போட்ட சோறு. உங்கள் நண்பர் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லவில்லை, நல்ல சோறு என்றுதானே தொடங்கியிருக்கிறார்.

அடுப்படி | திங்கள், மாலை 7:40

இதில் நான் கொஞ்சம் மாறுபடறேன் அண்ணா. பத்துப் பொருள்ங்கிறது வலென்சியாவைச் சுத்தின வயக்காட்டு மக்கள் கையில் கிடைச்சது. முயல் தோட்டத்தில், நத்தை வரப்பில், பீன்ஸ் கொல்லையில், விறகு ஆரஞ்சுத் தோப்பில். வல்லிபுரத்தான் பிள்ளைகளுக்குப் பிடிச்சதைச் செஞ்சு போடறதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனா பேரை மட்டும் அந்த ஊருக்கு விட்டுக்கொடுக்கலாம்ங்கிறதில் உங்க பக்கம்தான். 2021-ல் வலென்சியா அரசு பாயெய்யாவைப் பண்பாட்டுச் சொத்தா அறிவிச்சப்போ எனக்கு மனசு நிறைஞ்சுது. சமைக்கிறதும், சுத்தி உட்கார்ந்து சாப்பிடறதும் ஒரு ஊரோட சொத்துன்னு எழுதி வெச்சிருக்காங்க.

புதுசாக் கத்துக்கறவங்களுக்கு ஒரு நல்ல சேதியும் இருக்கு. குங்குமப்பூ வாங்கக் காசில்லாம யாரும் நிறுத்த வேண்டாம். ஸ்பெயின் வீடுகள்லயே நிறையப் பேர் மஞ்சள் வண்ணப்பொடிதான் போடறாங்க. வாங்க முடிஞ்சா லா மஞ்சாங்கிற ஸ்பெயின் பகுதியோட குங்குமப்பூ ஒரு சிட்டிகை, காகிதத்தில் மடிச்சுச் சூடான சட்டி மேல ஒரு நிமிஷம் வெச்சு, நொறுக்கிப் போடுங்க. நம்ம மஞ்சள் தூள் வேண்டாம், வாசனை வேற பக்கம் இழுத்துடும்.

நெல்மணி | அடுத்த ஞாயிறு, மாலை 4:25

ரெண்டாவது தரம் செஞ்சேன். 30 செ.மீ. பாத்திரம், 200 கிராம் பொம்பா. கழுவலை, கிளறலை, மூடலை. கிளறாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கரண்டியைக் கொண்டுபோய் அடுத்த அறையில் வெச்சுட்டு வந்தேன்.

கரி இல்லை, ஓரமும் வெந்துது. ஆனா சொதசொதன்னு இருந்துது. 18 நிமிஷத்தில் வெந்திருக்கணும், அப்பவும் அரிசி மேல ஒரு விரக்கடை தண்ணி நின்னுது. வத்தட்டும்னு விட்டதில் 26 நிமிஷம் ஆகி அரிசி வெடிச்சிடுச்சு. ருசியும் சப்புனு இருந்துது. தண்ணி 1.2 லிட்டர் ஊத்தினேன். கொதி வந்ததும் அரிசி போட்டேன்.

தோப்புக்காரர் | அடுத்த ஞாயிறு, இரவு 8:50

விடை உங்கள் கடைசி இரண்டு வரியிலேயே இருக்கிறது. 1.2 லிட்டர் தவறில்லை. கொதி வந்ததும் அரிசி போட்டதுதான் தவறு. நீங்கள் ஊற்றியது தண்ணீர், அரிசிக்கு வேண்டியது சாறு. இடையில் 25 நிமிடம் இருக்கிறது.

முதலில் எண்ணெயில் உப்பைத் தூவி, கோழியையும் முயலையும் மிதமான தீயில் வையுங்கள். எலும்போடு சின்னத் துண்டாக இருக்கட்டும். 20 நிமிடம் நிதானமாகச் சிவக்கட்டும். வெளுத்த கோழியில் எந்தச் சாறும் வராது. பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் பழுப்புதான் ருசியின் முதல். பிறகு கறியை ஓரத்துக்குத் தள்ளி நடுவில் பீன்ஸ் வதக்கி, துருவிய தக்காளியைப் போடுங்கள். சிவப்பு கருத்து, எண்ணெய் பிரியும்வரை. பிமென்டோன் போட்டதும் எண்ணி ஐந்து நொடிக்குள் தண்ணீர். தாமதித்தால் தூள் கருகிக் கசக்கும்.

இப்போது அந்தத் தண்ணீர் 25 நிமிடம் கறியோடு கொதிக்க வேண்டும். குங்குமப்பூ, ஊறவைத்து வேகவைத்த மொச்சை எல்லாம் அப்போதே. பாதியில் ருசி பாருங்கள், உப்பு ஒரு நூல் தூக்கலாக இருக்கட்டும், அரிசி அதைக் குடித்துவிடும். உங்கள் சப்புக்கு மருந்து அது.

அளவுக்கு ஒரு வழி. காலிப் பாத்திரத்தில் 700 மி.லி. தண்ணீரை அளந்து ஊற்றி, மரக்கரண்டிக் காம்பை நட்டமாக நிறுத்தி, நனைந்த இடத்தில் கத்தியால் கீறிக்கொள்ளுங்கள். சமைக்கும்போது கறியும் காயும் இடம் பிடிக்கும், அதனால் சாறு அந்தக் கீறலுக்கு அரை விரல் மேலே இருக்கும்போது அரிசியைப் போடுங்கள். இங்கே பழகிய கைகள் பாத்திரத்தின் கைப்பிடி ஆணியை அடையாளமாக வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வருடக்கணக்கில் ஒரே பாத்திரத்தோடு பழகியவர்களுக்கு.

அரிசி விழுந்ததும் முதல் 8 நிமிடம் நல்ல தீ, பிறகு குறைத்து இன்னொரு 10 நிமிடம்.

கொங்குச்சமையல் | திங்கள், காலை 7:15

வணக்கம்ங்க. ஒரு வாரமா இந்த இழையைப் படிச்சுட்டு இருக்கறேன். நாங்க சைவமுங்க. கறி இல்லாம இது வருமா? அந்தப் பெரிய மொச்சைக்குக் கோயமுத்தூர்ல என்ன கிடைக்கும்?

தோப்புக்காரர் | திங்கள், மாலை 6:30

தாராளமாக வரும். காய்கறிப் பாயெய்யா இங்கே வழக்கத்தில் உள்ள உணவுதான். கூனைப்பூ, பூக்கோசு, பீன்ஸ், சிவப்புக் குடைமிளகாய் போடுவார்கள். கறி தரும் பழுப்பைக் காய் தர வேண்டும், ஆகவே பூக்கோசையும் குடைமிளகாயையும் விளிம்பு கருக்கும்வரை வதக்குங்கள். தக்காளிக்கு இன்னும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

மொச்சைக்கு நீங்கள் தேடி அலைய வேண்டியதே இல்லை. கர்ரொஃபோவும் நம் டபுள் பீன்ஸும் ஒரே இனம். இங்கே கிடைப்பது இன்னும் பெரியது, தட்டையானது, அவ்வளவுதான் வேறுபாடு. காய்ந்ததாக இருந்தால் இரவு முழுக்க ஊறட்டும். பச்சையாகக் கிடைத்தால் சாற்றிலேயே வேகட்டும். முதன்முதலில் இங்கே ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எங்கள் அம்மா குருமாவுக்கு உரிப்பது போலவே இருந்தது. சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நெல்மணி | மூன்றாவது ஞாயிறு, மாலை 5:45

வந்துடுச்சு!

இந்தத் தரம் மாடி வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டேன். வந்து ஒரு நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. எதையும் அவங்க கையால தொடலை. கோழி சிவக்கறப்போ நான் ரெண்டு தரம் தண்ணி ஊத்தப் போனேன், ரெண்டு தரமும் தலையை ஆட்டி நிறுத்தினாங்க. 22 நிமிஷம் ஆச்சு சிவக்க. போன வாரம் நான் எட்டு நிமிஷத்தில் ஊத்தியிருக்கேன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

சாறு கீறலுக்கு அரை விரல் மேல வந்ததும் அரிசி. பத்து நிமிஷத்தில் அரிசி சாறுக்கு மேல தலை காட்டுச்சு. ரோஸ்மேரி ஒரு கொத்தை மேல வெச்சு, மூணு நிமிஷத்தில் எடுக்கச் சொன்னாங்க.

கடைசி நாலு நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்லணும். நான் ஏதோ பேசிட்டிருந்தேன். பாட்டி விரலை உதட்டில் வெச்சு, காதைத் தொட்டுக் காட்டினாங்க. அதுவரைக்கும் களக் களக்குனு தண்ணிச் சத்தம். மேல அங்கங்கே குழி குழியா துளை விழுந்து அதில் குமிழி வந்துட்டிருந்துது. அப்புறம் குமிழி நின்னுது. சத்தம் மெலிஞ்சு, எண்ணெயில் கடுகு பொரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வருமே, அந்த மாதிரி சடசடன்னு மாறுச்சு. தீயை ஒரு நிமிஷம் ஏத்தச் சொன்னாங்க. வறுத்த அரிசி வாசனை வந்துது. கரண்டி நுனியை ஒரு ஓரத்தில் அடிவரைக்கும் இறக்கி லேசா நெம்பிப் பார்த்தாங்க, அடி விட்டுக்கொடுக்காம கரகரன்னு தடுத்துது. உடனே அணைச்சாச்சு.

அதுதான் சொக்கராத். அடியில் பிடிச்ச பொன்னிறக் காந்தல். எங்க வீட்டில் பித்தளைப் பானையில் சோறு வடிக்கிறப்போ ஆச்சி அடியில் சுரண்டித் தர்ற காந்தலுக்கு நானும் அண்ணனும் சண்டை போடுவோம். இங்கே அதுக்காகவே மொத்தச் சமையலும் நடக்குது.

தட்டு எடுத்தேன், பாட்டி வேண்டாம்னுட்டாங்க. பாத்திரத்தை மேசை நடுவில் வெச்சு ஆளுக்கொரு மரக்கரண்டி. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி அவங்கவங்களுக்கு ஒரு முக்கோணம், அடுத்தவங்க பங்குக்குள்ள கரண்டி போகக்கூடாது. சாப்பிட்டு முடிச்சு, தன் பக்கத்துக் காந்தலைக் கொஞ்சம் சுரண்டி என் பக்கம் தள்ளி வெச்சாங்க.

அடுப்படி | மூன்றாவது ஞாயிறு, மாலை 6:20

படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சும்மா. பாத்திரத்தைக் கழுவினியா? அது சாதாரண இரும்புத் தகடு, ஈரத்தோட விட்டா நாளைக்கே துரு ஏறிடும். காந்தல் ஒட்டியிருந்தா வெந்நி ஊத்தி ஊறவிடு, கம்பி போட்டுத் தேய்க்காதே. கழுவினதும் அடுப்பில் காயவெச்சு, எண்ணெய் தொட்டுத் துடைச்சு, காகிதத்தில் சுத்தி வை.

நெல்மணி | மூன்றாவது ஞாயிறு, இரவு 7:05

துடைச்சு எண்ணெய் தடவிட்டேன் அக்கா. 40 செ.மீ. பாத்திரத்துக்கும் சேர்த்துத் தடவினேன். அடுத்த மாசம் பாட்டியோட மகன் தோட்டத்தில் விறகில் செய்யப் போறாங்களாம், அதைக் கொண்டு வரச் சொல்லியிருக்காங்க.

கொங்குச்சமையல் | புதன், காலை 11:30

நானும் செஞ்சனுங்க. பொம்பா இங்க கிடைக்கலை, சீரகச் சம்பாவில் செஞ்சேன். மூணு மடங்கு சாறு அதுக்கு அதிகமாயிடுச்சு, குழைஞ்சுடுச்சுங்க. ரெண்டாவது தரம் ரெண்டு மடங்கு வெச்சேன், பருக்கையா வந்துது, ஆனா சம்பா வாசனை தூக்கலா இருக்கு. டபுள் பீன்ஸ் மட்டும் வெண்ணெய் மாதிரி கரைஞ்சுது. காந்தல் பாதிப் பாத்திரத்துக்குத்தான் பிடிச்சுது, திருப்பறதுக்கு மறந்துட்டேன். உருண்டை அரிசி வேற எது சரிவரும்னு யாராவது செஞ்சு பார்த்திருந்தா சொல்லுங்க, சனிக்கிழமை மறுபடியும் செய்யப்போறேன்.